கண் தெரியாதவர்களும் கட்டிடங்களும்

(மண்டைக்காட்டில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்குப் புதியதாகவும், சிலருக்கு வேடிக்கையாகவும்கூடத் தோன்றலாம். "கண் தெரியாதவர்களுக்கும் கட்டிடத்திற்கும் என்ன சம்பந்தம்? அதைக் கொத்தனாரும் இஞ்சினீயரும் அல்லவா பேச வேண்டும்? சுயமரியாதைக்காரர்களுக்கு அதில் என்ன வேலை?" என்று யாராவது கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அதற்குப் பதில் சொல்லுவதுதான் இன்றைய பேச்சு. நாம் சொல்லுவதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள் என்று நாம் கேட்கவில்லை. உங்கள் வீட்டு வாசலிலும், தெருவிலும், நீங்கள் போய் வருகிற ஆபீசிலும் ஒரு தடவை நின்று பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நம் நாட்டில் 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி பார்வைக் குறையுள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். இந்த 50 லட்சம் பேரும் எங்கே இருக்கிறார்கள்? நம்மூர் பாங்கியிலே எத்தனை பேரைப் பார்க்கிறோம்? காப்பிக் கடையிலே எத்தனை பேர்? வாசகசாலையிலே எத்தனை பேர்? சினிமாக் கொட்டகையிலே எத்தனை பேர்? நாம் அவர்களை அதிகமாய்ப் பார்க்கிற இடம் ஒன்றுதான் உண்டு. அது கோவில் வாசல். உள்ளே அல்ல, வாசல். மாசிக் கொடை 10 நாளும் இந்த ஊருக்கு ஆயிரமாயிரமாய்த் தாய்மார்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் போகிற வழியின் இரண்டு பக்கத்திலும் கண் தெரியாதவர்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். போகிறவர்கள் இரண்டு காசு போட்டுவிட்டு, புண்ணியம் சம்பாதித்துவிட்டதாய் எண்ணிக்கொண்டு போகிறார்கள். 'இந்த மனிதன் ஏன் உள்ளே இல்லை, ஏன் வாசலிலேயே இருக்கிறான்?' என்று யாராவது கேட்டதுண்டா? வாசலில் உட்காருவதற்கென்றே அவனைப் படைத்திருப்பதுபோல் அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

கேட்டால் பதில் தயாராயிருக்கிறது. "முன் ஜென்மத்துப் பாவம்" என்கிறார்கள். இந்தப் பதிலில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பாவம் செய்தவன் அவன், பலனை அனுபவிக்கிறவனும் அவன் என்று முடித்துவிட்டால், இடையில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் தோழர்களே, அந்தக் கட்டிடத்தில் ஒன்பது அங்குலமும் ஆறு அங்குலமுமாய் ஒழுங்கில்லாமல் படி வைத்தவர் யார்? முன் ஜென்மத்துக் கொத்தனாரா? இந்த ஜென்மத்தில் நம்மிடம் கூலி வாங்கிக்கொண்டு, நாம் சொன்னபடி வைத்த கொத்தனார்தானே! ஓடையின் மேல் மூடின கல் பலகை உடைந்து இரண்டு வருஷமாய் வாய் பிளந்துகொண்டிருந்தால் அதற்கு எந்த ஜென்மத்துப் பாவம் காரணம்?

இதைக் கொஞ்சம் ஆலோசித்துப் பாருங்கள். கண் தெரியாத ஒருவர் தம் சொந்த வீட்டில் எப்படி நடமாடுகிறார் என்பதைப் பார்த்திருக்கிறீர்களா? படுக்கையிலிருந்து எழுந்து நேராய்க் கிணற்றடிக்குப் போகிறார். வாளியைத் தேடுவதில்லை, கை போகிற இடத்தில் வாளி இருக்கிறது. படிப்புரைக்கு வந்து உட்காருகிறார். நிலையில் தலை இடிப்பதில்லை. எத்தனையாவது எட்டில் குனிய வேண்டுமென்று அவருக்குத் தெரியும். ராத்திரி மின்சாரம் போனால் கண்ணுள்ள நாம்தான் தட்டித் தடுமாறி நெருப்புப் பெட்டி தேடுகிறோம். அவர் தம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். அதே மனிதர் மறுநாள் காலையில் ஒரு மனுவைக் கொடுக்க ஆபீசுக்குப் போனால், வாசலிலேயே தடுக்கி விழுகிறார். வீட்டில் இருந்த கண்தானே ஆபீசிலும் இருக்கிறது? ஒரே ராத்திரியில் கண் கெட்டுப்போய்விடவில்லையே! ஆகவே வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் மாறினது கண் அல்ல, கட்டிடம். வீடு அவருக்குத் தெரிந்த ஒழுங்கில் இருக்கிறது. ஆபீசு எவருக்கும் தெரியாத ஒழுங்கில் இருக்கிறது. பார்வையில்லாமை ஒரு குறைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் தடுக்கி விழுவது அந்தக் குறையின் பலன் அல்ல. அது கட்டினவனுடைய வேலையின் பலன்.

மூட நம்பிக்கையைச் சிலர் 'குருட்டு நம்பிக்கை' என்று சொல்லுவது வழக்கமாய் இருக்கிறது. இது அநியாயமான வார்த்தையென்பது நமது அபிப்பிராயம். கண் தெரியாதவர் தடியால் தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, காலால் தடவி, பரீட்சை செய்த பிறகுதான் ஓர் அடி எடுத்து வைக்கிறார். பரீட்சை செய்யாமல் நம்பிக் காலை வைக்கிறவன் கண்ணுள்ளவன்தான்.

நிற்க, இந்தச் சீமையில் இருக்கிற உங்களுக்கு, தெருவும் கட்டிடமும் மனிதனைத் தள்ளி வைக்கும் என்பதை நாம் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பாட்டன்மார்களுக்கு அது நன்றாய்த் தெரியும். இது திருவிதாங்கூர் ராஜ்யமாயிருந்த காலத்தில், கோவிலைச் சுற்றியிருந்த தெருவில்கூட இன்ன ஜாதியார் நடக்கக்கூடாதென்று இருந்தது. அதற்காகத்தான் 1924-ம் வருஷத்தில் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது; அதைத் தொடர்ந்து சுசீந்திரத்திலும் நடந்தது. 12-11-1936-ல்தான் கோவில் கதவுகளைத் திறந்துவிடும் பிரகடனம் வெளிவந்தது. வைக்கத்தில் 'இதற்கு மேல் வரக்கூடாது' என்று பலகை நட்டிருந்தார்கள். அந்தப் பலகை கண்ணில் படுகிற பலகை. ஆகவே அதன் மேல் ஜனங்களுக்குக் கோபம் வந்தது, பிடுங்கி எறிய முடிந்தது. கண் தெரியாதவனுக்கு நாம் நட்டு வைத்திருக்கும் பலகை வேறு மாதிரி. அதில் எழுத்து இல்லை. உடைந்த படியும், திறந்த ஓடையும், முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியும்தான் அந்தப் பலகை. 'நீ வரக்கூடாது' என்று எவரும் வாயால் சொல்லுவதில்லை. அவன் தானாகவே வராமல் நின்றுவிடுகிறான். வராததைப் பார்த்துவிட்டு, "இவர்கள் எங்கே வருகிறார்கள், இவர்களுக்காக ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று நாமே கேட்கிறோம்!

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கண் தெரியாதவர் உலகத்தை எப்படி அறிகிறார் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கையில் இருக்கும் வெள்ளைத் தடி தரையைத் தடவிப் பார்க்கும். தரையிலிருந்து எழும்பி நிற்கிற சுவரையும், தூணையும், கல்லையும் அது கண்டுபிடித்துவிடும். ஆனால் இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை அது காணாது. தடி கீழே போய்விடும், முகம் மேலே இடிக்கும். நம் தெருக்களில் மின்சாரக் கம்பத்தைச் சாய்வாய் இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பி, தெருப் பக்கமாய்த் திறந்து விட்டிருக்கும் சன்னல் கதவு, சுவரில் மாட்டின ஏ.சி. பெட்டி, தாழ்ந்து தொங்கும் ஓலைச் சாய்ப்பு, கடை வாசலில் கட்டின தார்ப்பாய்க் கயிறு, இவையெல்லாம் அவருடைய சத்துருக்கள். மாடிப்படியின் அடிப்பக்கம் இன்னும் மோசம். படிக்குக் கீழே காலியிடம் விட்டிருப்பார்கள். தடிக்குத் தரை கிடைத்துக்கொண்டே இருக்கும். அவர் முன்னேறிப் போவார். சரிந்து இறங்குகிற படியின் அடிப்பாகம் நெற்றியைப் பிளக்கும். அந்த இடத்தை அடைத்துவிட வேண்டும், அல்லது ஒரு தொட்டியோ கைப்பிடிச் சுவரோ வைத்துத் தடிக்கு எட்டும்படி செய்ய வேண்டும். நடக்கிற வழியில் தலைக்கு மேல் 7 அடி காலியாய் இருக்க வேண்டும். இதற்கு என்ன லட்சக்கணக்கான ரூபாயா வேண்டும்?

படிகளைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் விழுகிறவர்களில் பலர் அங்கேதான் விழுகிறார்கள். ஒரு வரிசைப் படிகளில் எல்லாப் படியும் ஒரே உயரமாயிருக்க வேண்டும். முதல் இரண்டு படியிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொள்ளும்; பிறகு அந்தக் கணக்கில்தான் அது எழும்பும். மூன்றாவது படி இரண்டு அங்குலம் கூடிவிட்டால் கண்ணுள்ளவனுக்கும் தடுக்கும். படி ஆரம்பிக்கிற இடத்துக்கு ஓர் அடி முன்னாலேயே, காலுக்குத் தெரியும்படி, மொட்டு மொட்டாய் எழும்பின ஓடு பதிக்க வேண்டும். கைப்பிடி இரண்டு பக்கத்திலும் வேண்டும். அது கடைசிப் படியோடு நின்றுவிடக் கூடாது. படி முடிந்த பிறகும் ஓர் அடி நீண்டு சமமாய்ப் போக வேண்டும். ஏன்? படி முடிந்துவிட்டது என்கிற செய்தி காலுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிய வேண்டும். நம் கட்டிடங்களில் கைப்பிடி, கடைசிப் படிக்கு இரண்டு படி முன்னாலேயே நின்றுவிடுகிறது. கை 'முடிந்தது' என்று சொல்லுகிறது. கால் நம்பி நீட்டுகிறது. மனிதன் கீழே போய்ச் சேருகிறான். ஓர் அடிக் குழாயை மிச்சம் பிடித்ததன் பலன் இது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் அறவே பார்வையில்லாதவர்களைப் பற்றி. ஆனால் பார்வைக் குறையுள்ளவர்கள் என்று நாம் சொல்லுகிறவர்களில் மிகுதியானவர்களுக்கு வெளிச்சமும் இருட்டும் தெரியும். பெரிய உருவங்கள் மங்கலாய்த் தெரியும். கண் புரை விழுந்த உங்கள் தகப்பனாரையும், சர்க்கரை வியாதியால் கண் மங்கின உங்கள் அத்தையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 60 வயது தாண்டினால் நம்மில் பலருக்கும் வரக்கூடியதுதான் இது. இவர்களுக்கு வேண்டியது நிற வித்தியாசம். சிமெண்டு நிறத்தில் பத்துப் படி இருந்தால் அவர்கள் கண்ணுக்கு அது ஒரே சரிவாய்த் தெரியும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயிண்டு அடித்துவிட்டால் பத்தும் பத்தாய்த் தெரியும். ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பகல் வேலையும் போதும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு, வெள்ளை ஓடு பதித்த கக்கூசில் வெள்ளைப் பீங்கான், வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுவிச்சு, இவையெல்லாம் சுத்தத்துக்கு அடையாளமென்று நினைத்துச் செய்கிறார்கள். மங்கின கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைதான். நிலைக்கு ஒரு கறுப்பு நிறம் அடித்தால் கதவு எங்கேயென்று தெரிந்துபோகும்.

தரையைப் பளபளவென்று வைப்பது ஒரு பெருமையாகிவிட்டது. பக்கத்தில் தக்கலைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதென்று சொல்லுகிற கறுப்புத் தரை அங்கே கண்ணாடிபோல் மின்னுகிறது. ராஜாக்கள் தங்கள் முகத்தைத் தரையிலேயே பார்த்துக்கொள்ள அது உதவியிருக்கலாம். மங்கின கண்ணுள்ளவருக்கு அந்த மினுக்கம் தண்ணீராகவும் பள்ளமாகவும் தோன்றும். குனிந்து நுழைய வேண்டிய கதவுகளும், செங்குத்தான மரப்படிகளும், இருட்டறைகளும் வேறு. பழைய அரண்மனையை இடித்துக் கட்டச் சொல்லுகிற மூடர்கள் அல்ல நாம். அது பழைய காலத்து வேலை, காத்துவைக்க வேண்டியதே. ஆனால் அங்கே வெளிச்சம் காட்டலாம், நிலைக்கு அடையாளம் வைக்கலாம், சுவரையும் கட்டிடத்தின் அமைப்பையும் கையால் தொட்டறிய ஒரு சிறு மாதிரி உருவம் செய்து வைக்கலாம். அரண்மனை பழையதாயிருப்பது மன்னிக்கத்தக்கது. நேற்றுக் கட்டின கலியாண மண்டபத்திலும், இன்று கட்டுகிற ஆஸ்பத்திரியிலும் அதே மினுக்குத் தரையைப் போட்டு அதன்மேல் தண்ணீரும் விட்டுத் துடைக்கிறார்களே, அதற்கு என்ன சமாதானம்?

கன்னியாகுமரியில் 30-12-2024-ல் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். ஜனங்கள் காலடியில் கடலைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கண்ணாடி என்பது மங்கின கண்ணுக்கு ஒரு பொய். கண்ணாடித் தரை வெறும் காற்றாயும், கண்ணாடிக் கதவு திறந்த வழியாயும் தெரியும். எங்கே கண்ணாடி வைத்தாலும் அங்கே கண் மட்டத்தில் அழுத்தமான நிறத்தில் பட்டை ஒட்டவேண்டும் என்பது கட்டிட விதி. நாகர்கோவிலில் புதிது புதிதாய் வருகிற கடைகளில் எத்தனை கண்ணாடிக் கதவுகளுக்கு அந்தப் பட்டை இருக்கிறதென்று போகிறபோது எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் எவரும் கவனிப்பதில்லை. அது சத்தம். கண் தெரியாதவருக்குக் காதே பாதிக் கண். இந்த ஊரில் கடல் இரைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கொண்டே அவர் தாம் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுவார். சுவர் பக்கத்தில் இருந்தால் தம் காலடிச் சத்தம் மாறுவதை அறிவார். பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதையும் காதால்தான் அளக்கிறார். இப்படி இருக்க, கொடையென்றும் திருவிழாவென்றும் மகாநாடென்றும் பேர் சொல்லி, கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கியைக் கட்டி ராப்பகலாய் அலற விடுகிறோம். கண்ணுள்ளவனுக்கு அது காதடைப்பு மாத்திரம். அவருக்கோ அது இரண்டாந்தரம் கண்ணைப் பிடுங்குவது. நமது கூட்டத்துக்கும் இது பொருந்தும் என்பதால் இந்த ஒலிபெருக்கியை மேடைக்கு எதிரே மாத்திரம் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

தரையில் மஞ்சள் ஓடு பதிப்பதைப் பற்றிச் சொன்னோம். அது வந்த கதை கேட்கத்தக்கது. ஜப்பான் தேசத்தில் ஓகயாமா என்ற ஊரில் மியாகே செய்ச்சி என்பவர் ஒரு விடுதி நடத்திக்கொண்டிருந்தார். இஞ்சினீயர் அல்ல, மந்திரி அல்ல. தமக்குத் தெரிந்த ஒரு சிநேகிதருக்குப் பார்வை போய்க்கொண்டிருப்பதைக் கண்டு, காலால் வாசிக்கக்கூடிய ஓடு ஒன்றை 1965-ல் யோசித்துச் செய்தார். 18-3-1967-ல் அந்த ஊர்க் கண் தெரியாதோர் பள்ளிக்கூடத்துக்கு அருகில் ரஸ்தாவைக் கடக்கும் இடத்தில் அது முதல் முதல் பதிக்கப்பட்டது. இன்று உலகமெங்கும் அது பரவியிருக்கிறது. அதற்கு இரண்டே எழுத்துத்தான் உண்டு. நீளக் கோடுகள் இருந்தால் 'இந்த வழியே போகலாம்' என்று அர்த்தம். மொட்டுகள் இருந்தால் 'நில், முன்னால் படியோ திருப்பமோ ரஸ்தாவோ இருக்கிறது' என்று அர்த்தம். உலகத்திலேயே சின்ன அரிச்சுவடி இதுதான்.

அந்த இரண்டு எழுத்தையும் நம்மவர்கள் எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? பஸ் ஸ்டாண்டுகளிலும் ரயில் நிலையங்களிலும் மஞ்சள் ஓடு போட்டிருப்பதைப் பார்க்கிறோம். பல இடத்தில் அது நேரே ஒரு தூணில் போய் முட்டுகிறது. சில இடத்தில் ஓடையில் கொண்டு விடுகிறது. சில இடத்தில் கோட்டு ஓடு போட வேண்டிய இடத்தில் மொட்டு ஓட்டை நெடுக அழகுக்காகப் பதித்திருக்கிறார்கள். சரியாய்ப் போட்ட இடத்திலோ அதன் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள், பழக் கூடையை வைத்திருக்கிறார்கள். காண்டிராக்டருக்கு அது சதுர அடிக் கணக்கு. அதிகாரிக்கு அது கோப்பில் ஒரு வரி. 'படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்லுவோம்' என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழ்ப் புத்தகத்தை அச்சடித்துவிட்டு, தமிழ் தெரியாதவரிடம் பிழை திருத்தக் கொடுத்ததுபோல் இருக்கிறது.

கண் தெரியாதவர்களைக் கேட்பதா, அவர்களுக்குக் கட்டிடத்தைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள். அமெரிக்காவில் கிறிஸ் டௌனி என்று ஒரு கட்டிடக் கலைஞர் இருக்கிறார். மூளையில் உண்டான ஒரு கட்டிக்காக 2008-ல் ஆபரேஷன் செய்துகொண்டதில் அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. மனிதர் தொழிலை விடவில்லை. பிளானைக் கோடு எழும்பி நிற்கும்படி அச்சடித்துக்கொண்டு விரலால் வாசிக்கிறார். வளைகிற மெழுகுக் குச்சிகளை அதன்மேல் ஒட்டித் தம் திருத்தங்களைப் போடுகிறார். ஆஸ்பத்திரிக்கும் கண் தெரியாதோர் நிலையத்துக்கும் யோசனை சொல்லுகிறார். நம் பக்கத்துக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டையில் 1890-லேயே ஆஸ்க்வித் என்ற ஆங்கில மாது கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 2015-ல் சென்னையைச் சேர்ந்த பீனோ செபைன் என்ற முற்றிலும் பார்வையற்ற பெண்மணி இந்திய வெளிநாட்டுச் சேவையில் அதிகாரியாய்ச் சேர்ந்தார். வெளிநாட்டில் இந்த தேசத்துக்காகப் பேசத் தகுந்தவர்கள், நம் பேரூராட்சிப் படிக்கட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லத் தகுதியற்றவர்களா?

இனி சட்டத்தைப் பற்றி. இது யாரோ தர்மப் பிரபுவின் கையில் இருக்கிற விஷயம் அல்ல என்பதை நீங்கள் கண்டிப்பாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. விதிகளுக்கு ஒத்துவராத பிளானுக்குக் கட்ட அனுமதி கொடுக்கக்கூடாதென்றும், கட்டி முடித்தாலும் முடிவுச் சான்றிதழ் கொடுக்கக்கூடாதென்றும் அதன் 44-வது பிரிவு சொல்லுகிறது. பழைய பொதுக் கட்டிடங்களையும் விதிகள் வந்த 5 வருஷத்துக்குள் சீர்செய்ய வேண்டுமென்று 45-வது பிரிவு சொல்லுகிறது. விதிகள் 2017-ல் வந்தன. அந்தக் கெடு 2022-லேயே கழிந்துபோயிற்று. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடியும் மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் ஒருவர் 2005-லேயே சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 15-12-2017-ல் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிக் கெடுவும் வைத்தது. அப்படியும் வேலை நடந்தபாடில்லை. கடைசியாய் 8-11-2024-ல் கோர்ட்டு மறுபடியும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. சட்டம் 'செய்தே தீர வேண்டும்' என்று சொல்ல, சர்க்கார் எழுதின 15-வது விதியோ வெறும் யோசனைப் புத்தகங்களைக் காட்டி, 'இப்படிச் செய்தால் நல்லது' என்கிற மாதிரி ஆக்கிவிட்டது. ஆகவே அந்த விதி சட்டத்துக்கு விரோதமானது, கட்டாயமான விதிகளை 3 மாதத்தில் செய்யுங்கள் என்று கோர்ட்டு சொல்லிற்று. ஒரு மனிதர் படியேறுவதற்கு ஒரு கைப்பிடி கேட்டு வழக்கு ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம்! இதில் யார் கண் தெரியாதவர்கள் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தில் 'பொதுக் கட்டிடம்' என்றால் என்னவென்று விவரித்திருக்கிற இடத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கடை, பஸ் நிலையம் என்று சொல்லி வருகிறபோதே மத சம்பந்தமான கட்டிடத்தையும் சேர்த்திருக்கிறது. சர்க்கார் கட்டிடமானாலும் தனியார் கட்டிடமானாலும் பொது ஜனங்கள் வந்துபோனால் போதும். ஆகவே இந்த ஊர்க் கோவிலும், கடற்கரையில் இருக்கிற சர்ச்சுகளும், பள்ளிவாசல்களும் எல்லாம் இதில் அடங்கும். கோவிலுக்குப் போவது அவசியமா என்பதைப் பற்றி நமது அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். அதை இன்று இழுக்கவில்லை. போக வேண்டுமென்று நினைக்கிற ஒருவனைப் படியும் இருட்டும் தடுக்கக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு. கண் வியாதி நீங்க வேண்டுமென்று வெள்ளியில் கண்மலர் செய்து உண்டியலில் போடுகிற வழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. உண்டியலில் விழுந்த அத்தனை வெள்ளிக் கண்ணும் சேர்ந்து வாசற்படிக்கு ஒரு கைப்பிடி வாங்கிப் போடவில்லையே என்று பக்தர்களாவது கேட்க வேண்டாமா? கேட்கிறவர் பக்தராயிருந்தாலும் நாம் அவர் பக்கந்தான் நிற்போம்.

"பணம் ஏது?" என்பார்கள். பிளான் போடுகிற நாளிலேயே யோசித்தால் இதில் பெரும்பாகத்துக்குத் தனிச் செலவே கிடையாது. படியை ஒரே உயரமாய் வைக்கக் கொத்தனார் அதிகக் கூலி கேட்பதில்லை. கதவுக்கு வேறு நிறம் அடித்தால் பெயிண்டு விலை ஏறிவிடாது. கட்டி முடித்த பிறகு உடைத்துத் திருத்துவதற்குத்தான் பணம் வேண்டும். அதற்குக் காரணம் கண் தெரியாதவர் அல்ல, முதலிலேயே யோசிக்காதவர். 2011 ஜனக்கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகமாயிருந்தது இந்தக் கன்னியாகுமரி ஜில்லாவில்தான், 100-க்கு சுமார் 92 பேர். அவ்வளவு படித்த ஜில்லாவில் இதை விளங்கிக்கொள்ள ஆள் இல்லையென்று நாம் நம்பவில்லை.

வாலிபத் தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். நாலு பேர் சேர்ந்து, ஒரு அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு, கண் தெரியாத ஒருவரையும் மங்கின பார்வையுள்ள ஒரு முதியவரையும் தயவாய் அழைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து பேரூராட்சி ஆபீசு வரையிலும், அங்கிருந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வரையிலும் நடந்து பாருங்கள். அவர்கள் நடக்கட்டும்; நீங்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். வேண்டுமென்றால் அவர்களே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுவார்கள். எங்கே தடுக்கிற்று, எங்கே இடித்தது, எங்கே ஓடை திறந்திருக்கிறது, எந்தக் கம்பத்து ஸ்டே கம்பி வழியில் இருக்கிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அதை அப்படியே மனுவாக்கி, சட்டத்தின் 44, 45 பிரிவுகளைக் குறிப்பிட்டு, பேரூராட்சிக்கு ஒன்றும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவிலில் கலெக்டருக்கு ஒன்றும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 'தயவு செய்து' என்று எழுத வேண்டியதில்லை. 'சட்டப்படி' என்று எழுதினால் போதும்.

கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. மண்டைக்காடு எல்லையில் இனிமேல் கட்டுகிற எந்தப் பொதுக் கட்டிடத்தின் பிளானையும், அனுமதி கொடுப்பதற்கு முன்னால், பார்வைக் குறையுள்ள இரண்டு பேருக்காவது விளக்கிக் காட்டி அவர்கள் அபிப்பிராயத்தை எழுதி வாங்க வேண்டுமென்றும், இப்போது இருக்கிற பொதுக் கட்டிடங்களின் படிகளுக்கு வரும் மாசிக் கொடைக்கு முன் விளிம்பு நிறமும் கைப்பிடியும் வைக்க வேண்டுமென்றும் அதில் கண்டிருக்கிறது. கூட்டத்தில் கண் தெரியாத தோழர்கள் இருந்தால் அவர்கள் முதலில் பேசட்டும். அவர்கள் சொல்லுகிற திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு தலைவர் அவர்கள் ஓட்டுக்கு விடலாம்.